மலிங்காவின் முழங்கால்



சில காலத்திற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், கோலசிலாங்கூர் வட்டாரத்தில் புக்கிட் ரோத்தானுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்தில், நமக்கு வேண்டிய குடும்பமொன்றைப் பார்க்கச் சென்றிருந்தோம். வீட்டுத் தலைவர் ஐம்பது வயதைக் கடந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செம்பனைக் குலை வெட்டுகிறவர். நாம் உள்ளே நுழைந்தபோது அவர் நாற்காலியில் ஒரு காலை நீட்டி வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். வலது முழங்கால் வீங்கியிருந்தது. மனைவி தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டோம்.

"நாளா? ரெண்டு வருசமா சார்" என்றார் அந்த அம்மாள். "வலின்னு சொன்னா யாரு நம்புறாங்க? கோயில் திருவிழாவுல தேருக்குப் பின்னால நடந்தாருல்ல, அத எல்லாரும் பாத்துட்டாங்க. தேருக்கு நடக்க முட்டி வலிக்கல, குலை வெட்டத்தான் வலிக்குதான்னு மண்டோரே கேக்குறாரு."

அவர் ஒன்றும் பேசவில்லை. தொலைக்காட்சியில் பழைய கிரிக்கெட் ஆட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சுருட்டை முடியில் பொன்னிறச் சாயம் பூசிய பந்து வீச்சாளர் ஒருவர் ஓடிவந்து, கையைப் பக்கவாட்டில் சுழற்றி, கவண்கல் எறிவதுபோல் பந்தை விட்டார். எதிரே நின்றவரின் குச்சி சாய்ந்தது.

"அப்பா, இந்த ஆளுக்கும் உங்க மாதிரி முட்டிதான். அதுனாலதான் டெஸ்ட் ஆட்டத்தையே விட்டுட்டாரு" என்றான் மகன்.

தந்தை திரையை உற்றுப் பார்த்தார். "முட்டி போன ஆளா இந்த ஓட்டம் ஓடுறாரு?" என்றார்.

நேயர்களே, மண்டோர் அவரைக் கேட்ட கேள்வியும் அவர் திரையைப் பார்த்துக் கேட்ட கேள்வியும் ஒன்றுதான் அல்லவா? அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய நம் பேச்சு.

திரையில் தெரிந்தவர் இலங்கையின் லசித் மலிங்கா. நம் தோட்டங்களில் ஞாயிறு மாலை என்றால் பந்து உதைப்பதுதான் வழக்கம். கிரிக்கெட் நமக்குச் சற்றுத் தூரத்து உறவு. ஆயினும் 2006-ஆம் ஆண்டு செப்டம்பரில் பூச்சோங் கின்ராரா திடலில் இந்தியா, ஆஸ்திரேலியா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகிய மூன்று அணிகளும் ஆடியபோது, டெண்டுல்கரைக் கண்ணால் காண வேண்டும் என்று தோட்டப் பகுதிகளிலிருந்து வேன் பிடித்துப் போனவர்கள் உண்டு. அன்று அவர் ஆட்டமிழக்காமல் 141 ஓட்டம் எடுத்தார். ஆனாலும் மழையின் குறுக்கீட்டால் இந்தியா தோற்றது. அதன்பின் தொலைக்காட்சி வழியே மலிங்காவும் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமாகிவிட்டார்.

மலிங்கா 1983-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள் பிறந்தவர். காலி நகருக்கு அருகில் உள்ள இரத்கம என்னும் கடலோரச் சிற்றூர் அவருடைய ஊர். மணலில் டென்னிஸ் பந்தை வைத்து விளையாடிப் பழகிய பையன். இலகுவான அந்தப் பந்து காற்றை மீறி விரைந்து போக வேண்டுமானால் கையைத் தாழ்த்தி வீசி எறிவதே வசதி. அந்தப் பழக்கமே பின்னாளில் அவருடைய அடையாளமாயிற்று. முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் சம்பக்க ராமநாயக்க அவரைக் கண்டெடுத்துப் பயிற்சி தந்தார். எறியும் முறையை மாற்றச் சொல்லாமல் விட்டதுதான் ராமநாயக்க செய்த பெரிய உதவி என்பது நம் எண்ணம். மட்டைக்காரரின் கால்விரலுக்கு நேராகப் பந்தை இறக்குவதை 'யார்க்கர்' என்பார்கள். அந்த இடத்தில் ஒரு சோடி காலணியை வைத்துவிட்டு, அதையே குறியாகக் கொண்டு மலிங்கா நாள்தோறும் பந்து வீசிப் பழகினார்.

2004 ஜூலையில், இருபது வயதில், ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் முதல் டெஸ்ட் ஆடினார். அந்த ஆட்டத்திலேயே ஆறு பேரை வீழ்த்தினார். 2007-இல் கயானாவில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இன்றும் மறக்கமாட்டார்கள். தென்னாப்பிரிக்கா வெற்றி பெற இன்னும் நான்கே ஓட்டம் வேண்டும். கையில் ஐந்து விக்கெட்டுகள் மீதம். ஆட்டம் முடிந்துவிட்டது என்று எல்லாரும் எழுந்திருக்கும் வேளையில், மலிங்கா அடுத்தடுத்து வீசிய நான்கு பந்துகளில் நான்கு பேர் வெளியேறினார்கள். கடைசியில் தென்னாப்பிரிக்கா ஒரே ஒரு விக்கெட் மீதத்தில் தப்பித்தது. தோற்ற அணிக்காரரின் பெயரே மறுநாள் உலகெங்கும் பேசப்பட்டது.

அதற்கு அடுத்த ஆண்டே முழங்கால் மக்கர் செய்தது. 2008-இல் எலும்புக் கன்றலால் அவர் ஆட்டத்திலிருந்து விலகவேண்டியதாயிற்று. கன்றல் என்றால் எலும்பு முறியவில்லை. ஆனால் உள்ளே இரத்தம் கட்டி, காலை ஊன்றும்போதெல்லாம் நோகும். ஓராண்டுக்கு மேல் அவரால் நாட்டுக்காக ஆட முடியவில்லை. குறுகிய ஆட்டங்களுக்கு முதலில் திரும்பினார். டெஸ்ட் ஆட்டத்திற்குத் திரும்பியது 2010 ஜூலையில், சொந்த ஊருக்குப் பக்கத்தில், காலியில்.

அந்தக் காலி ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டு மேலே செல்வோம். கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்திற்குத் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போன குடும்பத்தின் பேரன் முத்தையா முரளிதரன், தமது 800-ஆவது விக்கெட்டை எடுத்து டெஸ்டிலிருந்து விடைபெற்றது அந்த ஆட்டத்தில்தான். எல்லார் கண்ணும் முரளியின்மீது இருந்தது. ஆயினும் ஆட்ட நாயகன் விருது மலிங்காவுக்குக் கிடைத்தது. மட்டை பிடித்து 64 ஓட்டமும் எடுத்தார். இரண்டாவது இன்னிங்சில் ஐந்து பேரையும் வீழ்த்தினார். 'முழங்கால் ஆறிவிட்டது' என்று ஊரார் நினைக்க இதைவிட வேறு சான்று வேண்டுமா? ஆனால் அடுத்த மாதம் கொழும்பில் அவர் ஆடியதே அவருடைய கடைசி டெஸ்டாக முடிந்தது.

முழங்காலைப் பற்றி இங்கே கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொடை எலும்பின் கீழ்முனையும் கால் எலும்பின் மேல்முனையும் சந்திக்கும் இடம் முழங்கால். இரண்டு எலும்பும் நேராக உரசிக்கொள்ளாதபடி, முனைகளின்மேல் வழவழப்பான குருத்தெலும்பு உறைபோல் படிந்திருக்கிறது. இடையில் பிறை வடிவில் இரண்டு மெத்தைகள் உள்ளன. சுற்றிலும் எண்ணெய் போன்ற ஒரு நீர். ஆலையில் இயந்திரச் சக்கரத்திற்கு எண்ணெய் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே ஏற்பாடு. வேறுபாடு என்னவென்றால், இயந்திரத்தில் தேய்ந்த உறுப்பைக் கழற்றிப் புதிது மாட்டலாம்.

எலும்புக்கு இரத்த ஓட்டம் உண்டு. ஆகவே முறிந்தாலும் கூடும். குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. தேய்ந்துபோனால் பழையபடி வளராது. அதற்கு நரம்பும் இல்லை; ஆகையால் தேயத் தொடங்கும் காலத்தில் வலியும் தெரிவதில்லை. உறை மெலிந்து, அடியில் உள்ள எலும்பு அடி வாங்கத் தொடங்கிய பிறகுதான் வலி, வீக்கம் எல்லாம். அதாவது, வலி வந்து சொல்லும்போது செய்தி பழையதாகிவிட்டிருக்கும்.

இந்த வேறுபாட்டை விளக்க இரண்டு பந்து வீச்சாளர்களைச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி, 1973-இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஆடும்போது முதுகெலும்பில் மயிரிழை முறிவுகள் ஏற்பட்டுச் சாய்ந்தார். உடம்பைச் சுற்றி மாக்கட்டுப் போட்டார்கள். அவர் கதை முடிந்தது என்றார்கள். ஆனால் நோவு எலும்பில். முழு ஓய்வும் முறையான பயிற்சியும் கிடைத்ததும் எலும்பு கூடிவிட்டது. 1974-ஆம் ஆண்டு இறுதியில் திரும்பி வந்து, 1984-இல் ஓய்வு பெறும்போது 355 டெஸ்ட் விக்கெட்டுகள் அவர் கணக்கில் இருந்தன. நம் தமிழ்நாட்டு இலட்சுமிபதி பாலாஜிக்கும் முதுகில் அதே மாதிரியான முறிவு. 2004 பாகிஸ்தான் பயணத்தில் புன்னகையாலேயே ஊரை வென்றவர், பிறகு ஆண்டுக்கணக்கில் காணாமல் போனார். பந்து வீசும் முறையை மாற்றிக்கொண்டு மீண்டு வந்து, 2008 மே மாதம் ஐ.பி.எல். போட்டியின் முதல் 'ஹாட்ரிக்'கைச் சென்னைக்காக எடுத்தார். இழந்த ஆண்டுகள் திரும்பவில்லை. எட்டு டெஸ்டோடு அந்தக் கணக்கு நின்றுவிட்டது. ஆனாலும் எலும்பு ஆறியது.

மலிங்காவின் நோவு அந்த வகையன்று. வலது முழங்காலில் நெடுநாளாகவே மெல்ல மெல்லத் தேய்மானம். ஓய்வு எடுத்தால் வீக்கம் வடியும், வலி அடங்கும். ஆறிவிட்டதுபோல் தோன்றும். தேய்ந்தது தேய்ந்ததே.

வேகப்பந்து வீச்சாளரின் கால் படும் பாட்டையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். வலக்கையால் வீசுகிறவர் ஓடிவந்து எகிறி முதலில் வலக்காலில் இறங்குகிறார். அந்தக் காலின்மேல் உடம்பு திரும்புகிறது. அடுத்து இடக்காலை ஓங்கி ஊன்றிப் பந்தை விடுகிறார். பின்னங்கால் இறங்கும்போது உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு அதிர்ச்சி. முன்னங்காலில் ஐந்து மடங்குக்கும் மேல். ஒரு ஓவருக்கு ஆறு பந்து. டெஸ்ட் ஆட்டத்தில் ஒரு நாளில் இருபது ஓவர் வீசினால் 120 தடவை அந்த அடி. மறுநாளும் வீச வேண்டியிருக்கும். ஐந்து நாள் ஆட்டம் அது. ஒருநாள் ஆட்டத்திலோ பத்து ஓவர், 60 பந்துதான் உச்ச அளவு. இருபது ஓவர் ஆட்டத்தில் நான்கே ஓவர், 24 பந்து.

முழங்கால் ஒன்றேதான். 24 பந்துக்கு அது தாங்கும். 120-க்குத் தாங்காது. இதில் நடிப்பு எங்கே இருக்கிறது?

ஆனால் 2011 ஏப்ரலில் மலிங்கா அந்தக் குற்றச்சாட்டைத்தான் சந்தித்தார். இங்கிலாந்துப் பயணத்தின் டெஸ்ட் ஆட்டங்களுக்குத் தம் முழங்கால் தாங்காது என்றார். அதே வேளையில் இந்தியாவில் மும்பை அணிக்காக ஐ.பி.எல். ஆடிக்கொண்டிருந்தார். காயம் என்றால் ஊருக்குத் திரும்பிச் சிகிச்சை எடு என்று தேர்வுக் குழு சொன்னது. 'நாட்டுக்கு ஆட முழங்கால் வலிக்கிறது, பணத்துக்கு ஆட வலிக்கவில்லையா?' என்று பலர் கேட்டார்கள். ஏப்ரல் 22-ஆம் நாள் மலிங்கா டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார். வலது முழங்காலின் தேய்மானத்தைக் கவனமாகப் பேணாவிட்டால் நிரந்தரக் கேடு வந்துவிடும். டெஸ்டின் பளு அதைக் கொண்டுவந்துவிடும். குறுகிய ஆட்டங்களில் இன்னும் பல ஆண்டு நாட்டுக்கு ஆட விரும்புகிறேன் என்பதே அவர் சொன்னதன் சாரம். அப்போது அவருக்கு வயது 27. முப்பது டெஸ்ட், 101 விக்கெட். பந்து வீச்சாளன் முதிர்ந்து பழுக்கும் பருவத்தில் அந்தக் கதவு சாத்தப்பட்டது.

பணம் ஒரு காரணமே அன்று என்று நாம் வாதாட வரவில்லை. நான்கு ஓவருக்கு அவ்வளவு ஊதியம் கிடைக்கும் ஓரிடம் இருந்தபடியால்தான் அவரால் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க முடிந்தது. அது அவருடைய நற்பேறு. ஆனால் பணம் ஒரு காரணம் என்பதால் வலி பொய்யாகிவிடாது.

அவர் சொன்ன சொல்லைக் காலம் சோதித்துப் பார்த்துவிட்டது. அந்த 2011-இலேயே ஒருநாள் ஆட்டங்களில் இரண்டு 'ஹாட்ரிக்' எடுத்தார். 2014-இல் டாக்காவில் இந்தியாவை வென்று இலங்கை இருபது ஓவர் உலகக் கோப்பையைத் தூக்கியபோது அணித் தலைவர் அவர்தான். 2015 உலகக் கோப்பையிலும் ஆடினார். முழங்காலும் தன் சொல்லைக் காப்பாற்றியது: 2016-இல் மீண்டும் நொந்து, உலகக் கோப்பையும் ஐ.பி.எல்.லும் கைநழுவிப் போயின. ஏறக்குறைய ஓராண்டு கழித்துத்தான் திரும்பினார். பிறகு வேகம் குறைந்தது. வேகம் குறைந்த இடத்தில் சூழ்ச்சியைப் போட்டு நிரப்பினார்.

சென்னை அணியின்மேல் பற்றுள்ள நேயர்கள் மன்னிக்க வேண்டும். 2019 மே 12-ஆம் நாள் ஐதராபாத்தில் நடந்த இறுதியாட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்னை வெற்றிபெறக் கடைசி ஓவரில் ஒன்பது ஓட்டம் தேவை. மலிங்காவின் முந்திய மூன்று ஓவர்களைச் சென்னைக்காரர்கள் நன்றாகவே அடித்துவிட்டிருந்தார்கள். இருந்தும் பந்து அவர் கைக்கே வந்தது. கடைசிப் பந்தில் இரண்டு ஓட்டம் வேண்டும். வேகத்தைக் குறைத்து, கால்விரலுக்கு நேராக ஒரு பந்து. சார்துல் தாக்கூர் காலில் வாங்கி வெளியேறினார். மும்பைக்கு ஒரே ஓட்டத்தில் வெற்றி. மலிங்காவுக்கு அப்போது வயது 35.

அதே ஆட்டத்தில் சென்னைக்காக 80 ஓட்டம் எடுத்த ஷேன் வாட்சனின் கால்சட்டையில், முழங்காலுக்கு நேரே இரத்தம் கசிந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் ஆடியிருக்கிறார்; பிறகு ஆறு தையல் போட்டார்கள் என்று அவருடைய தோழர் ஹர்பஜன் சிங் மறுநாள் சொன்னபோது நாடே உருகிப்போயிற்று. பாராட்டத்தக்க மனவுறுதிதான். ஆனால் நேயர்களே, ஒன்றைக் கவனித்தீர்களா? ஒரே திடலில் இரண்டு முழங்கால்கள். ஒன்றில் தோல் கிழிந்து இரத்தம் தெரிந்தது, வீரம் என்றோம். சில நாளில் அது ஆறிப்போகும். மற்றொன்றின் உள்ளே உறை தேய்ந்திருந்தது; வெளியே ஒன்றும் தெரியவில்லை. அவரை எட்டாண்டுக்கு முன் சாக்குச் சொல்கிறவர் என்றோம்.

தோட்டத்திலும் இதுதானே நடக்கிறது! அரிவாள் பட்டு இரத்தம் வழிந்தால் உடனே வேன் வருகிறது, அனைவரும் பதறுகிறார்கள். இருபது ஆண்டு குலை வெட்டித் தேய்ந்த மூட்டுக்கு யாரும் பதறுவதில்லை.

நம் வட்டாரத்திற்கு இந்த வேலை புதிதன்று. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் போடப்பட்டதே பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம், தென்னமரம் தோட்டத்தில்தான். அந்த ஊருக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நாம் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நூறாண்டுக்கு மேலாகியும் குலை வெட்டுவது இன்னும் மனித உடம்பின் வேலையாகவே இருக்கிறது. இன்று அரிவாள் பிடிப்போரில் பெரும்பாலோர் கடல் கடந்து வந்தவர்கள். நம்மவர்களில் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் வயதானவர்கள். அண்ணாந்து பார்த்தபடி நீண்ட கழியைத் தூக்கி நிறுத்தி, மட்டையை அறுத்து, குலையை இழுத்துச் சாய்க்க வேண்டும். பத்து கிலோவும் இருக்கும், இருபதுக்கு மேலும் இருக்கும். அதைக் குத்தித் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டு, சேற்றிலும் பள்ளத்திலும் தள்ளி வந்து சடக்கோரம் சேர்க்க வேண்டும். உதிரிப் பழம் பொறுக்குகிற பெண்கள் பாதி நாள் குந்தியே இருக்கிறார்கள். பால்மரக் காலத்தில் ஒரு நிரைக்கு ஐந்நூறு மரம் என்றால் ஐந்நூறு தடவை குனிந்து நிமிர்ந்தவர்கள் நம் தாய்மார்கள். மலிங்காவின் 120 பந்துக்கு இவை எந்த வகையில் குறைந்தவை? அவருக்குக் கூடவே மருத்துவர் இருந்தார். எத்தனை பந்து வீசினார் என்று எழுதி வைக்க ஆள் இருந்தது. குலை வெட்டுகிறவர் எத்தனை குலை வெட்டினார் என்பதையும் எழுதுகிறார்கள். அது சம்பளக் கணக்குக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாம் நண்பரிடம் கேட்டது இதைத்தான்: "எந்த வேலை செய்தால் மறுநாள் காலையில் வீக்கம் வருகிறது?" அவர் கொஞ்சம் யோசித்தார். சமதரையில் நடந்தால் வருவதில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டினால் வருவதில்லை. பாரவண்டியைச் சரிவில் தள்ளிய நாளிலும், குந்தி எழுந்த நாளிலும் கட்டாயம் வருகிறது. அப்படியானால் தேருக்குப் பின்னால் நடந்ததும் உண்மை, குலை வெட்ட முடியாததும் உண்மை. மருத்துவரிடம் சொல்ல வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். வெறுமனே 'முட்டி வலி' என்றால் வெறுமனே மாத்திரைதான் வரும்.

மாத்திரை என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்த வீட்டு அலமாரியில் பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு பொட்டலம் இருந்தது. மூட்டு வலிக்கு 'ஜாமு' என்று யாரோ கொடுத்தார்களாம். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டதாம். இம்மாதிரி பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைக் கண்டுபிடித்து நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. வலி மறையும், மறைந்ததும் மனிதர் முன்போல் பாரம் இழுப்பார், உள்ளே தேய்மானம் நடந்துகொண்டேயிருக்கும். முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பும் மெலியும். கடையில் கைநிறைய வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளும் நாள்பட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

பிறகு என்னதான் செய்வது? முற்றாகப் படுத்துவிடுவதும் தீர்வாகாது. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் இல்லை என்றோம். மூட்டு அசையும்போது அந்த எண்ணெய் நீர்தான் அதற்கு உணவு ஊட்டுகிறது. ஆகவே அளவான நடை வேண்டும். தொடைத் தசைக்கு வலுவூட்ட வேண்டும். நாற்காலியில் அமர்ந்தபடி காலை நேராக நீட்டிச் சற்று நேரம் நிறுத்தி இறக்குவது எவரும் செய்யக்கூடிய பயிற்சி. தசை வாங்கிக்கொள்ளும் பாரம் மூட்டுக்குப் போகாது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் ஏறக்குறைய நான்கு கிலோ பாரம் குறைகிறது என்று ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாள் இதைக் கேட்டதும் கணவரின் வயிற்றைப் பார்த்த பார்வையை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, பந்துகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அதாவது வேலையை மாற்ற வேண்டும். தோட்டத்தில் குலை வெட்டு ஒன்றுதான் வேலையா? நாற்றுமேடு இருக்கிறது, காவல் இருக்கிறது, பழத்தின் தரம் பார்க்கும் வேலை இருக்கிறது. மருத்துவரின் கடிதத்தோடு கேட்டால் கிடைக்கும் என்று உறுதி கூற நம்மால் ஆகாது. கடிதம் இல்லாமல் கேட்டால் கிடைப்பது இன்னும் கடினம். 1971 முதல் இயங்கிவரும் சொக்சோவில் விபத்துக்கு மட்டுந்தான் பணம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். தொழிலால் வரும் நோய்களும் அந்தச் சட்டத்தில் உண்டு. உழைத்துப் பிழைக்க இயலாமற்போனால், மருத்துவ வாரியம் ஏற்றுக்கொள்ளும் பட்சத்தில், இயலாமை ஓய்வூதியமும் உண்டு. சந்தா எத்தனை மாதம் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்த விதிகள் இருக்கின்றன. காயமுற்றவர் தமக்கேற்ற வேலைக்குத் திரும்ப உதவும் திட்டமொன்றும் 2007 முதல் நடந்துவருகிறது. இவற்றுக்கெல்லாம் வேண்டியது தாள்: எந்த நாளில் வலி தொடங்கியது, எந்த நாளில் கிளினிக்குக்குப் போனது, மருத்துவர் என்ன எழுதினார் என்ற சான்று. இரண்டு ஆண்டு வலிக்கு அந்த வீட்டில் ஒரே ஒரு சீட்டுத்தான் இருந்தது. அதுவும் காய்ச்சலுக்குப் போனபோது வாங்கியது.

அன்று மாலை நண்பரின் மகன் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தில் தேதி போட்டு, 'பாரவண்டி, சரிவு, வீக்கம்' என்று எழுதினான். மறு மாதம் நாம் மீண்டும் சென்றபோது ஏழெட்டுப் பக்கம் நிறைந்திருந்தது. எக்ஸ்ரே எடுத்தாயிற்று. நிர்வாகம் அவரை நாற்றுமேட்டுக்கு மாற்றியிருந்தது. குலைக்கணக்குப் பணம் இல்லாததால் மாத வருமானம் கணிசமாகக் குறைந்துவிட்டது. அதை நினைத்து அந்த அம்மாளுக்குக் கவலைதான். மகள் காப்பாரில் ஒரு தொழிற்சாலைக்கு மனு போட்டிருந்தாள்.

"அந்த ஆளு இப்ப எங்க சார் ஆடுறாரு?" என்று கேட்டார் நண்பர்.

2019 செப்டம்பர் 6-ஆம் நாள் பல்லேகலையில் நியூசிலாந்துக்கு எதிராக மலிங்கா மறுபடியும் நான்கு பந்தில் நால்வரை வீழ்த்தியதையும், 2021 செப்டம்பரில் எல்லா ஆட்டங்களிலிருந்தும் ஓய்வு பெற்றதையும் சொன்னோம். டெஸ்டை விட்டபிறகு பத்தாண்டு.

அவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "பத்து வருசம் எனக்கு வேணாம் சார். சின்னவன் படிச்சு முடிக்க இன்னும் நாலு வருசம் இருக்கு" என்றார்.